காகத்தின் பங்கு

அப்புத்துரை செத்துப்போன செய்தி அவருக்கே கண்டாவளைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

வவுனியாவில் அவரோடு சேர்ந்திருந்தவள் கண்ணை மூடிவிட்டாள். இருமல் நெஞ்சைப் பிடித்ததும், பத்து வயதில் தாயோடு யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த மகன் யோகலிங்கத்தின் நினைவு வந்தது. பாசமென்று சொன்னால் அது பொய். கொள்ளி வைக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். மகன் கண்டாவளையில் காணி பெற்று வயல் செய்கிறானென்று கேள்விப்பட்டு, ஒரு சீப்புக் கதலியோடு பஸ் ஏறினார். பெரிய மனதுதான்.

வேலிப் படலையில் நின்றவரை மருமகள் பத்மாசனி வழிப்போக்கரென்று நினைத்தாள்.

"உள்ளுக்கு வாங்கோ ஐயா. இண்டைக்கு ஆடி அமாவாசை, இவர் தேப்பனுக்கு விரதம். ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

குசினியில் காத்தோட்டிக்காய் பொரிந்துகொண்டிருந்தது. தகப்பனை இழந்தவர்கள் வீட்டில்தான் அன்றைக்கு அந்தக் காய் பொரியும்.

"எப்ப மோசம் போனவர்?" என்று கேட்டார் அப்புத்துரை.

"இவருக்குப் பத்து வயசிலயாம். காட்டில பாம்பு கடிச்சு. உடம்பும் கிடைக்கேல்லையாம்."

கதலிச் சீப்பை வாங்கிப் படையலில் வைத்தாள்.

யோகலிங்கம் வாய்க்காலில் முழுகிவிட்டு வந்தான். கண்டதுமே ஆளைத் தெரிந்துவிட்டது. இலை போட்டு இருத்தினான். பத்மாசனி காகத்துக்குச் சோறு வைக்க வேலியடிக்குப் போனாள்.

"தம்பி, நான் செய்தது பிழைதான். எனக்கு வேற ஆரும் இல்லை. நீ கொள்ளி வைச்சால் போதும்."

"வைச்சாச்சு. தர்ப்பையில உங்களைச் செய்து நெருப்பு வைச்சனான், பத்து வயசில. ஓடினவன்ர பெண்சாதியாய் இருக்கிறதிலும் தாலி கழட்டுறது மரியாதை எண்டவா அம்மா. ஒராளுக்கு ஒருக்காத்தான் கொள்ளி."

 

பத்மாசனி முகம் வாடித் திரும்பினாள். "கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தன், காகம் ஒண்டும் வரேல்லை. மாமாவுக்கு எங்களில என்ன குறையோ."

காகம் தொடாமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. யோகலிங்கம் வேலியடிக்குப் போய் அந்தச் சோற்றை எடுத்துவந்து கிழவரின் இலையில் போட்டான்.

"அது காகத்தின்ர பங்கெல்லே?" என்றாள் பத்மாசனி.

"இருக்கட்டும். பசியோட வந்த மனிசன்."

அப்புத்துரை மகனின் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. காலையிலிருந்து வயிறு காய்ந்து கிடந்தது. குனிந்து சாப்பிட்டார். காத்தோட்டிக்காயையும் மிச்சம் வைக்கவில்லை.

இலை வெறுமையாகும்வரை யோகலிங்கம் கைகட்டி நின்றான். பிறகு மனைவியிடம் சொன்னான்.

"ஐயாவுக்குப் போய்ச் சேர்ந்திட்டுது. இனி எங்களுக்குப் போடு."