அண்ணன் வீட்டுப் பை

குப்பையைப் பிரித்துக் கொடுக்க மாட்டோம் என்று அந்தத் தெருவில் முதலில் கொடி பிடித்தவர், நகராட்சிக் குப்பை வண்டி ஓட்டுபவளின் சொந்த அண்ணன். குடியிருப்போர் சங்கத் தலைவர் வேறு.

"எல்லாம் ஒரே வண்டியிலதானே போகுது? ஈரம் தனி, காய்ஞ்சது தனின்னு எங்க உயிரை ஏன் வாங்குறீங்க?" என்று கூட்டத்தில் கேட்டுக் கைதட்டல் வாங்கினார்.

தங்கைக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது உண்மைதான். மேலதிகாரியை நச்சரித்து நச்சரித்து, நடுவில் தடுப்பு வைத்த வண்டி வாங்கினாள். கூடவே ஒரு விதியும் வாங்கினாள்: பிரித்த பைகள் நேராக வண்டிக்குள் போகும், பிரிக்காத பையை வீட்டு வாசலிலேயே கொட்டிப் பிரிக்கலாம்.

முதல் நாள் அண்ணன் வீட்டு வாசலில் ஒரே பை, இறுகக் கட்டி, வீம்பாக உட்கார்ந்திருந்தது. அண்ணி அலுவலகத்துக்குக் கிளம்பி வெளியே வந்தாள். அண்ணன் ஓய்வு பெற்றதிலிருந்து சமையல் அவர் பொறுப்பு. அவர் கைப்பக்குவத்தைத் தெரு முழுக்கப் பீற்றிக்கொள்வது அண்ணி பொறுப்பு.

தங்கை தார்ப்பாயை விரித்தாள்.

"அப்படியே போட்டுடும்மா. நமக்குள்ள என்ன," என்றார் அண்ணன். பையை வண்டிப் பக்கம் நகர்த்தினார்.

"உங்களுக்குச் சலுகை காட்டினா தெரு சிரிக்கும்ண்ணே."

முடிச்சு அவிழ்ந்தது. விழுந்ததெல்லாம் ஓட்டல் பார்சல் டப்பாக்கள். மருந்துக்குக்கூட ஒரு வெங்காயத்தோல் இல்லை.

அண்ணி ஒரு டப்பாவை எடுத்து முகர்ந்தாள். "நேத்து சூப்பு. மிளகை நீங்களே வறுத்து இடிச்சதா சொன்னீங்களே?"

அண்ணன் அண்ணாந்து பார்த்தார். "மழை வரும்போல."

எதிர்வீட்டுக்காரர்கள் சிரிக்கவில்லை. அவரவர் பையில் என்ன இருக்கிறதென்று அவரவருக்குத் தெரியும். இரண்டு பேர் வாசலில் வைத்த பையைச் சத்தமில்லாமல் உள்ளே தூக்கிப் போனார்கள்.

கொஞ்ச நாளில் தெருவே இரண்டு பைக்கு மாறிவிட்டது. ஈரக்குப்பை எருவானது. காய்ந்த குப்பை மறுசுழற்சிக்குப் போனது. பொறுப்புள்ள குடிமக்கள் என்று அண்ணனே சங்கத்தில் பேசி மறுபடி கைதட்டல் வாங்கினார். வீட்டில் நிஜமாகவே சமைக்கவும் ஆரம்பித்தார். தெருவிலேயே கனமான ஈரப்பை அவருடையது. பாதிக்கு மேல் கருகல்.

ஒரு நாள் அண்ணி வண்டியருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். "டப்பாவையெல்லாம் நானே கழுவித் தனியா கொடுத்துடறேன். அவரைப் பழையபடி ஓட்டல்ல வாங்கச் சொல்லேன்."

"நீங்களே சொல்லுங்க அண்ணி."

"எப்படிச் சொல்றது? பாவம், ஆசை ஆசையா சமைக்கிறாரு."