கானிம் வீட்டுச் சுவரில் ஓர் ஓட்டை

1

“உன் கதையில கடைசியில எல்லாருக்கும் கல்யாணம் ஆயிடுமாமே?” என்று கேட்டார் கானிம்.

“பெரும்பாலும் ஆயிடும் மாமா.”

“அப்ப என்னை எழுதாதம்மா.”

இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. (எழுதாதே என்பவரை எந்த எழுத்தாளர் விட்டுவைப்பார்?)

2

முதல் தொடக்கம்: ‘மொசூல் விடுதலையான அன்று வானம்...’

இல்லை. வானத்தை யார் பார்த்தோம்? காலடியில் வெடிகுண்டு இருக்கிறதா என்றல்லவா பார்த்து நடந்தோம்.

இரண்டாவது தொடக்கம்: நான் பிறந்த சந்துக்குத் திரும்பி வந்தவர் கானிம் ஒருவர்தான். தையற்காரர், மனைவியை இழந்தவர், யூனுஸ் என்றொரு மகனுக்கு அப்பா. சாயங்காலங்களில் அங்கே கேட்பது அவருடைய தையல் மிஷின் சத்தம் மட்டும். தைக்க ஒன்றுமில்லாத நாளிலும் மிதித்துக்கொண்டிருப்பார்.

இது இருக்கட்டும்.

3

அவர் வீட்டுக்கும் அடுத்த வீட்டு புஷ்ராவுக்கும் பொதுச் சுவர். ஊரைப் பிடித்துவைத்திருந்த ஆயுதக்காரர்கள் தெருவில் தலைகாட்டாமல் வீட்டுக்கு வீடு போய்வர அதை உடைத்தார்கள். முற்றுகையில் அந்த ஓட்டை வழியாகத்தான் விதவையான புஷ்ரா குனிந்து வந்து கோதுமைக் கஞ்சி கொடுத்தார்.* சண்டை ஓய்ந்ததும் டோஹூக் நகரில் மகன் ரய்யான் வீட்டுக்குப் போய்விட்டார்.

கானிம் கூரை போட்டார், படி கட்டினார். ஓட்டையைத் தொடவில்லை. “என்ன மாமா, எலிக்கு வாசல் விட்டிருக்கீங்களா?” என்று சோதனைச்சாவடிச் சிப்பாய் கிண்டல் செய்வான். பொதுச் சுவர், அந்தம்மா சம்மதமில்லாமல் ஒரு கல் வைக்கக்கூடாது என்பார் இவர். கடைசியில் உத்தரவே வந்தது: ஓட்டையை அடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். புஷ்ராவுக்குப் போன் செய்தார். சம்மதம் சொல்ல வருவதாகவும், அடைத்த கையோடு தன் மனையை விற்றுவிட மகன் சொல்வதாகவும் பதில் வந்தது.

* கஞ்சியில் உப்பே இருக்காதாம். அவரிடம் சொன்னீர்களா என்றேன். கானிம் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார்.

4

ஒரு முடிவில் கானிம் வாய்திறந்து கேட்கிறார். (கிழித்துவிட்டேன். அவர் கேட்கிற ஆளில்லை.) இன்னொன்றில் கொத்தனார் அடைக்கிறார், புஷ்ரா பஸ் ஏறுகிறார், மிஷின் சத்தம்... இதை எழுதக் கை வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், நானும் அங்கே இருந்தேன். புஷ்ரா வந்து நின்றதும் கொத்தனார் ஜிப்சத்தைக் குழைத்துவிட்டார். நொடியில் கல்லாகிற சரக்கு. “இறுகுதும்மா, சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க,” என்றார் புஷ்ராவிடம்.

கானிம், “ரய்யான் அம்மா, நீங்க...” என்று தொடங்கித் தரையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை எழுதப்போவதில்லை. எழுதாதே என்று கேட்டவர் அவர். நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். புஷ்ரா கேட்டதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

அவர் ஓட்டையின் விளிம்பைத் தடவினார்.

“குனிஞ்சு குனிஞ்சு எனக்கு இடுப்பு போச்சு, யூனுஸ் அப்பா. இங்க ஒரு கதவு வைங்க. நான் நிமிர்ந்து வரணும்.”