மிர்சினியின் நெஞ்சில் நின்ற ரொட்டி

என் கணவன் ஸ்த்ராத்திஸ் நல்லவன்தான். ஆனால் இளகிய மனசுக்காரனை ஈஸ்டருக்கு அறுக்கக் கட்டிவைத்த ஆட்டுக்குக்கூடக் காவல் வைக்கக் கூடாது. நான் ஒன்பது வயது மகளுக்குக் காவல் வைத்தேன்.

மிர்சினிக்கு உணவுக்குழாயின் அடிவாய் திறக்காது. லட்சத்தில் ஒரு குழந்தைக்கு வரும் கோளாறு. விழுங்கியது வயிற்றுக்கு இறங்காமல் நாள்கணக்கில் நெஞ்சிலேயே நிற்கும், பிறகு வாந்தி. இறுகிப்போன அந்தத் தசையை ரோபோ கைகளால் வெட்டிவிடலாம் என்றார் ஏதென்ஸ் டாக்டர் கலிரோய். குழந்தைகளுக்கு அந்த இயந்திரம் மாதத்தில் ஒரே ஒரு திங்கட்கிழமைதான் கிடைக்கும். அதற்கு முந்தைய இரண்டு நாளும் தண்ணீர், பழச்சாறு மட்டும். மயக்கத்தில் இருக்கும்போது சாப்பாடு மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

லெஸ்வோஸ் தீவிலிருந்து கப்பலேறி வந்தோம். ஞாயிறு காலை அப்பாவும் மகளும் தேவாலயத்துக்குப் போய் வந்தார்கள்.

திங்கள் காலை தள்ளுகட்டிலில் படுத்திருந்தவள் டாக்டரைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், நேத்து ரொட்டி சாப்பிட்டேன். இன்னும் இறங்கல."

ஸ்த்ராத்திஸ் தரையைப் பார்த்தான். "பூசை முடிஞ்சு பாதிரியார் குடுத்தது. விரல்நுனி அளவுதான். ஆப்பரேஷனுக்குப் போற பிள்ள, ஆசீர்வாதத்த வேணாம்னு எப்படிச் சொல்றது? அது சாப்பாட்டுல சேர்த்தியா?"

"அவ தொண்டைக்கு அது தெரியுமா, மனுஷா?" என்றேன் நான்.

"சொன்னா நிறுத்திடுவாங்கன்னாரு அப்பா," என்றாள் மிர்சினி. "நிறுத்தாதீங்க டாக்டர். அத எடுத்துட்டுச் செய்ங்க."

டாக்டர் குனிந்தார். "எங்க நிக்குது?"

மகள் நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே விரலை வைத்தாள். "இங்க."

"சரி."

அவ்வளவுதான், ஒரே கேள்வி. இரண்டு வருஷமாக அதே விரலை அதே இடத்தில் என்னிடமும் வைத்துக் காட்டினாள். "நடிக்காதடி" என்று தட்டின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார வைத்தவள் நான். ஒரு தடவை அறைந்தும் இருக்கிறேன்.

மயக்கம் கொடுக்கும் முன்பே மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கழுவினார்கள். ஓங்கரித்தாள், கண்ணீர் கொட்டியது. "போதுமா?" என்று டாக்டர் கேட்டபோது தலையாட்டி மறுத்தாள். ரொட்டித் துணுக்குகள் வந்தன. நண்பகலில் உள்ளே கொண்டுபோனார்கள். அவள் வெளியே வரும்வரை நான் ஸ்த்ராத்திஸோடு பேசவில்லை.

மறுநாள் எக்ஸ்ரே முன்னால் நின்று வெள்ளை மருந்தைக் குடித்தாள். அது நேராக வயிற்றுக்கு இறங்கியதைத் திரையில் பார்த்தேன்.

அறைக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ சொன்னத நான் நம்பியிருக்கணும், கண்ணு."

"அத அப்புறம் பேசலாம்மா," என்றாள். "எனக்குப் பசிக்குது."