ஐந்தாவது ஆள்

என் சகலையை மியூசியத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது வேறு யாரும் சொல்வதில்லை. கொழுந்தியாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். என் மனைவி சாப்பாடு போடும்போதெல்லாம் தங்கை புராணம் பாடினாள். நான் போய் இயக்குநர் அறை வாசலில் நாலு நாள் தவம் கிடந்து வேலையை வாங்கிக் கொடுத்தேன். ஒன்பது வருஷம் ஆகிறது. வந்த முதல் வாரமே கேன்டீன்காரர் அந்த மனுஷனுக்கு டம்ளர் நிறைய டீ ஊற்ற ஆரம்பித்துவிட்டார். எனக்கு இன்றுவரை முக்கால் டம்ளர்தான்.

எங்களுடையது போக்குவரத்து மியூசியம். ஒரு காலத்தில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்த நீளமான கூடம். அதன் ஒரு கோடியில் என் நீராவி என்ஜின், மறுகோடியில் அவருடைய சிக்னல் கேபின். இரண்டும் மியூசியத்தின் சொத்து, 'என்', 'அவருடைய' என்று பிரிப்பது தப்புதான். ஆனால் இருபத்து மூன்று வருஷமாகத் தினமும் காலையில் அந்த என்ஜினின் பித்தளைக் குழாய்களைத் துடைப்பவன் நான். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். சுற்றிலும் கயிறு கட்டி, நாலு பக்கமும் 'தொடாதீர்கள்' என்று பலகை மாட்டியிருக்கிறேன். தொட்டால் விரல் ரேகை விழும். அந்த வலி துடைக்கிறவனுக்குத்தான் தெரியும்.

சகலையின் கேபினில் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. ஒரு மரக்கூண்டு, உள்ளே வரிசையாகப் பன்னிரண்டு இரும்பு லீவர்கள். இழுத்தால் கம்பி ஓடி, கூடத்தின் இந்தக் கோடியில் இருக்கும் கைகாட்டி 'டங்' என்று இறங்கும். அந்தக் கைகாட்டியை எங்கே நட்டிருக்கிறார்கள் தெரியுமா? என் என்ஜினுக்குப் பக்கத்தில், சரியாக என் தலைக்கு மேலே. அங்கே எவனோ ஒருவன் சந்தோஷமாக இருக்கிறான் என்பதை இங்கே எனக்கு மணி அடித்துச் சொல்வார்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது இருநூறு டங்.

"வாங்க, வாங்க, ஏன் அங்கயே நிக்கறீங்க? ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுங்க. அய்யய்யோ, ஒரு ரயிலையே கவுத்துட்டீங்களே! பரவால்ல, அதுல ஆளுங்க யாரும் இல்ல" என்று அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்கும். அதற்கு ஒரு சிரிப்பு எழும். ஒன்பது வருஷமாக அதே ஜோக். ஒன்பது வருஷமாகப் புதிதாகச் சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரியும். மறைக்கவில்லை.

சென்ற வருஷம் மியூசியத்தைப் புதுப்பிக்கப் போவதாக அறிவித்தார்கள். கூரையைப் பிரித்துக் கண்ணாடி போடுவார்கள், நடுவில் பெரிய வட்ட மண்டபம் வரும், அந்த மண்டபத்தில் ஒரே ஒரு பெரிய பொருள் இருக்கும். என்ஜினா, கேபினா என்பது இன்னும் முடிவாகவில்லை. தோற்றது ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்குக்குப் போகும். கிடங்கில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. பொருள் போனால் அதைக் கவனிக்கிற ஆளும் கூடவே போக வேண்டும். ஆக, சகலையா நானா என்பதுதான் விஷயம்.

நான் கவலைப்படவில்லை. ஒரு பக்கம் அறுபது டன் என்ஜின், மறுபக்கம் நாலு இரும்புக் கம்பி. கண் உள்ளவன் எவனும் யோசிக்கவே தேவையில்லை என்று நினைத்தேன். ஆனால் இயக்குநர் கண்ணை நம்பவில்லை, கணக்கெடுக்க ஒரு பெண்ணை அனுப்பினார்.

கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை. நாங்கள் அவளுக்கு 'கடிகாரம்' என்று பெயர் வைத்தோம். கூடத்தின் வாசலில் தரையில் ஒரு மஞ்சள் டேப் ஒட்டிவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். டேப்பைத் தாண்டி வருகிற ஒவ்வொரு ஐந்தாவது ஆளையும் எழுந்து பின்தொடர்வாள். அவர் எதன் முன்னால் எத்தனை நிமிஷம் நிற்கிறார், என்ன செய்கிறார் என்று எழுதுவாள். ஒரு மாதம் இதுதான் அவள் வேலை.

முதல் வாரம் அவளைக் கவனித்தேன். ஐந்தாவது ஆள் வருவார், என் என்ஜினை நிமிர்ந்து பார்ப்பார், "அடேயப்பா!" என்பார், ஒரு போட்டோ எடுப்பார், போய்விடுவார். பிறகு கேபின் பக்கம் டங் டங் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கடிகாரம் கால் வலிக்க நின்று எழுதிக்கொண்டிருப்பாள். அந்த அடேயப்பாவை ஸ்டாப்வாட்சில் எப்படி அளக்க முடியும்? அதை யாரிடம் போய்க் கேட்பது?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை என்று இப்போதும் சொல்வேன். என் வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக வரவழைத்து, ஐந்தாவதாக டேப்பைத் தாண்ட வைக்க வேண்டும். வாசல் பக்கம் இருக்கும் தண்ணீர்த் தொட்டி அருகே நான் நின்றுகொள்வேன். நாலாவது ஆள் உள்ளே போனதும் காதைச் சொறிவேன். தூணுக்குப் பின்னாலிருந்து நம் ஆள் கிளம்ப வேண்டும். நேராக என்ஜினுக்குப் போய்ப் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். என்னைத் தெரிந்தது போலக் காட்டிக்கொள்ளக் கூடாது. நான் பின்பக்கமாகச் சுற்றி வந்து, என்ஜினோடு இணைந்த நிலக்கரிப் பெட்டிக்குப் பின்னால் போய்விடுவேன்.

முதலில் மாமியார் வந்தார். சரியாக ஐந்தாவதாகத்தான் தாண்டினார், அதில் குறை சொல்ல முடியாது. என்ஜினுக்கு முன் வந்து, "நல்லா கருப்பா இருக்கு" என்று சத்தமாகச் சொன்னார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல்: "அத்தை! என்ன இந்தப் பக்கம்? வாங்க, வாங்க!" அவ்வளவுதான். ஐம்பது நிமிஷம். பன்னிரண்டு லீவரையும் இழுத்து, உட்கார நாற்காலி போடச் சொல்லி, இரண்டாம் சுற்றும் இழுத்தார். அன்று சாயங்காலம் கேட்டேன்.

"ஏன் அத்தை, என்ஜின்கிட்ட நிக்கச் சொன்னேனே?"

"சின்ன மாப்பிள்ளை வாய் நிறையக் கூப்பிடறார். கண்டுக்காம நிக்கறதுக்கு நான் என்ன மரமா?"

என் மகள் போனாள். "சித்தப்பா!" என்று அவளே கத்தினாள். என் தம்பி போனான், அவன் மனைவி போனாள், பெரியப்பா மகனும் அவர் மனைவியும் போனார்கள். எல்லாரிடமும் ஆயிரம் தடவை சொன்னேன், அவர் கண்ணில் படாதீர்கள் என்று. சொந்தக்காரரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறு பேரை அனுப்பினேன், ஆறு பேரும் அந்தப் பக்கம் ஊர்க்கதை பேசினார்கள். கடிகாரம் பக்கத்தில் நின்று நிமிஷம் நிமிஷமாக எழுதினாள். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏழாவதாக என் மனைவியைக் கேட்டேன்.

"இது என்ன திருட்டு வேலை? எனக்கு இதெல்லாம் வராது" என்றாள்.

"பத்து நிமிஷம். பேசாம நின்னுட்டு வந்துடு. உன் தங்கை புருஷன் கூப்பிட்டாக்கூடத் திரும்பாதே. எனக்காக."

"உங்களுக்காகத்தான் வர்றேன். கல்யாணமான புதுசுல ஒரு தடவை காட்டினீங்க. அதோட சரி."

மாதத்தின் கடைசி நாள் வந்தாள். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டியிருந்தாள். நான் காதைச் சொறிந்துவிட்டு, சுற்றிப் போய்ப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து எதுவும் தெரியாது. எட்டிப் பார்த்தால் கடிகாரம் பார்த்துவிடுவாள். கையில் துணி இருந்தது, துடைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, எனக்கு ஒரு நிமிஷம் போலத்தான் இருந்தது. தலைக்கு மேலே டங் என்றது. கூடவே அந்தக் கோடியிலிருந்து என் மனைவியின் சிரிப்பு.

அவள் சிரிப்பு எனக்குத் தெரியும். வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இது அப்படி இல்லை, வாய்விட்டுச் சிரித்தாள். ரயிலைக் கவிழ்த்த அந்தப் பழைய ஜோக்குக்குத்தான். என்னிடம் ஜோக் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பை அந்த மனுஷன் வாங்கிக்கொண்டு நிற்கிறாரே! என்ஜினை அவர் எடுத்துக்கொண்டால்கூட அவ்வளவு பொறாமைப்பட்டிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன்.

"பத்து நிமிஷம் நிக்க முடியலையா உனக்கு?"

"நின்னேனே."

"எவ்வளவு நேரம்? ஒரு நிமிஷம் இருக்குமா?"

"நான் என்ன வாட்ச் பார்த்துட்டா நின்னேன்? நின்னேங்க, போதுமா?"

"அங்க போய்ப் பல்லைக் காட்ட மட்டும் நேரம் இருந்துது."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இரண்டு நாள் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அடுத்த வாரம் கூட்டம். பழைய நூலக அறையில் பதினான்கு ஊழியர்களும் உட்கார்ந்தோம். இயக்குநர் தாளைப் பார்த்துப் படித்தார். என்ஜின் முன் ஒருவர் நிற்கும் நேரம் சராசரியாக ஐம்பது விநாடி. சிக்னல் கேபினில் பதினொரு நிமிஷம். அறையில் ஒரு முனகல் எழுந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை என்று பக்கத்திலிருந்தவன் பிறகு சொன்னான்.

சகலை எழுந்தார்.

"சார், இதெல்லாம் லீவர் பண்ற வேலை. என்ஜினைத்தான் நடுவுல வைக்கணும். அவர் எவ்வளவு வருஷமாப் பார்த்துக்கறார்! நான் கிடங்குக்குப் போறேன் சார், எனக்கு ஒண்ணும் இல்ல."

இதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். அவர் மனதாரத்தான் சொன்னார், நடிப்பு கிடையாது, அதுதான் தாங்கவில்லை. ஜெயித்ததும் அவர், விட்டுக்கொடுப்பதும் அவர், நான் கையேந்தி வாங்கிக்கொள்ள வேண்டுமா? அந்தப் பதினொரு நிமிஷம் எங்கிருந்து வந்தது என்று எனக்கல்லவா தெரியும். என் மாமியாரின் ஐம்பது நிமிஷம், என் மகளின் நாற்பது நிமிஷம், என் சொந்தங்கள் கூடி நின்று பேசிய ஊர்க்கதை. அவர்களைக் கழித்தால் அவருடைய கணக்கு படுத்துவிடும். சொன்னால் என் வேலை போகும். போகட்டும் என்று எழுந்து நின்றேன்.

"அந்தக் கணக்கு பொய் சார். நான்தான் பொய்யாக்கினேன். ஏழு பேரை நானே கூட்டிட்டு வந்து, ஐந்தாவது ஆளா உள்ள விட்டேன். என்ஜின்கிட்ட நிக்கறதுக்குத்தான் வந்தாங்க. எல்லாரும் அந்தப் பக்கம் போய் உக்கார்ந்துட்டாங்க. அவங்களை எடுத்துட்டுக் கணக்குப் போடுங்க."

சகலை வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். பிறகு பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தப் பெண் அட்டையில் இருந்த தாள்களைப் புரட்டினாள்.

"எடுத்தாச்சு சார்" என்றாள் என்னிடம். "ஏழு பேரையும் அன்னன்னிக்கே எடுத்துட்டேன். தெரிஞ்சவங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு எங்களுக்கு விதி இருக்கு. உங்க மாமியார் உள்ள வந்ததும் என்கிட்டயே 'பெரிய மாப்பிள்ளையோட என்ஜின் எது'ன்னு கேட்டாங்க. மத்தவங்க சித்தப்பா, அண்ணன்னு கூப்பிட்டுட்டே போனாங்க. இந்தப் பதினொரு நிமிஷம் அவங்க இல்லாம வந்தது."

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரத் தோன்றவில்லை. முன்பின் தெரியாதவர்கள், யாரும் அனுப்பாதவர்கள், அவர்களாகவே அவரிடம் போய்ப் பதினொரு நிமிஷம் நின்றிருக்கிறார்கள்.

"என்ஜின் பக்கம் ரொம்ப நேரம் நின்னது யாருன்னு கேட்டா, அதுவும் நீங்க கூட்டிட்டு வந்தவங்கதான் சார்" என்றாள் அவள். பிறகு அந்தத் தாளை உருவி என் பக்கம் நீட்டினாள். "கடைசி நாள் வந்தவங்க. இந்த மாசத்துலயே அதிகம். ஆனா சேர்க்க முடியல."

வாங்கிப் பார்த்தேன். பெண், நாற்பத்தைந்து வயதுக்கு மேல், தனியாக வந்தார். என்ஜின் முன் ஒன்பது நிமிஷம் நாற்பது விநாடி. பலகைகளைப் படித்தார். கயிற்றுக்கு வெளியே இரண்டு முறை சுற்றி வந்தார். யாரையோ தேடுகிறார். என்னிடம் கேட்டது: 'இங்க என் வீட்டுக்காரர் இருப்பாரே, பார்த்தீங்களா? இதைப் பத்தி அவர் சொன்னா நல்லா இருக்கும்.'

எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்து, கீழே 'உறவினர், நீக்கவும்' என்று எழுதியிருந்தது.

அந்த ஒன்பது நிமிஷம் நாற்பது விநாடியும் நான் அவளுக்கு நாலடி தள்ளி, நிலக்கரிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, துடைத்த பித்தளையையே துடைத்துக்கொண்டிருந்தேன்.