இரண்டு கிலோ

அந்தக் காருக்கு வருடம் எவ்வளவு செலவாகிறது என்று மெர்வின் கில்பியிடம் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்: மனைவி, வங்கிக்காரர், பல் டாக்டர். மூவருக்கும் மூன்று தொகை சொன்னார். மூன்றும் பொய். உண்மைத் தொகை அவருக்கே தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தார்.

அதைக் கார் என்று சொல்வதே ஓர் உபசாரம்தான். கதவு கிடையாது, கூரை கிடையாது, மழை வந்தால் மறைக்க ஒன்றும் கிடையாது. நான்கு சக்கரம், கொஞ்சம் அலுமினியத் தகடு, ஓர் எஞ்சின், நடுவில் ஐம்பத்தாறு வயது மெர்வின். எடை குறைய வேண்டும் என்பதற்காக இருந்த ஒவ்வொரு சாமானையும் கழற்றிவிட்டு, அதைவிடச் சின்னதாகவும் அதைவிட விலை அதிகமாகவும் வாங்கி மாட்டியிருந்தார். பேட்டரி ஒரு ரொட்டித் துண்டு அளவுதான். விலை மட்டும் பேக்கரியையே வாங்கும் அளவு.

"இந்தப் பந்தயத்துல இருக்கிறதுக்கு விலை இல்ல ரோசலிண்ட், இல்லாததுக்குத்தான் விலை," என்று மனைவிக்கு ஒருநாள் விளக்கினார். ரோசலிண்ட் அதை நன்றாக யோசித்துப் பார்த்தாள். பிறகு அவளும் இல்லாமல் போனாள். இப்போது டெவனில் தங்கையோடு இருக்கிறாள்; தங்கைக்குக் கூரை வைத்த கார்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச ஆள் இல்லை. வேலையும் வீட்டிலிருந்தேதான். மோதிய கார்களுக்கு இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைக் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் நிராகரிப்பது அவர் தொழில். முன்பாவது அலுவலகத்தில் உட்கார்ந்து மறுத்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரரோடு டீ குடிக்கலாம். இப்போது யார் முகத்தையும் பார்க்காமலே மறுக்க முடிந்தது. வார நாள்களில் அவரோடு பேசிய ஒரே பெண்குரல், 'பொருளைப் பையில் வையுங்கள்' என்று சொல்லும் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தின் குரல்தான். அதற்கு இவர் "சரிம்மா" என்று பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

ஆனால் பந்தயம் நடக்கும் வார இறுதிகளில் கதையே வேறு. கார்களை வரிசையாக நிறுத்திக் கழற்றி மாட்டும் அந்தப் பின்புறத் திடலில் வேன் நுழைந்ததுமே யாராவது "மெர்வின்!" என்று கத்துவார்கள். யாராவது ஜாக்கி கேட்பார்கள். யாராவது அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தர மாட்டார்கள். ஒலிபெருக்கியில்கூட அவர் பெயரைச் சொல்வார்கள், பெரும்பாலும் தப்பாக. வருடத்தில் ஏழே ஏழு வார இறுதிகள். மற்ற நாள்களை அவர் அந்த ஏழுக்காகத்தான் தள்ளினார்.

இந்த வருடம் தள்ளுவது சிரமமாக இருந்தது. டயர் விலை ஏறியது, பெட்ரோல் ஏறியது, நுழைவுக் கட்டணம் ஏறியது. சம்பளம் மட்டும் நல்ல பிள்ளையாக இருந்த இடத்திலேயே இருந்தது. சோபாவை விற்றார். பல்லை ஒத்திப்போட்டார். மதியச் சாப்பாட்டை நிறுத்தினார். ராத்திரிக்கு ரொட்டி மேல் அவித்த பீன்ஸ். மாதக் கடைசியில் பீன்ஸ் இல்லாத ரொட்டி. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டபோது, இளமை திரும்புகிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் அதிசயமாக நடந்தது: இந்த வருடம் அவர் வேகமாக ஓட்டினார். எப்போதும் நடுவில் வருபவர், இரண்டாவதாக வந்தார், முதலாவதாகவும் வந்தார். இத்தனை வருட அனுபவம் கடைசியில் கனிந்துவிட்டது என்று மனதார நம்பினார்.

அவர் ஓட்டும் பிரிவில் சாம்பியன் ஆகிறவருக்கு, அடுத்த வருட நுழைவுக் கட்டணம் முழுவதும் இலவசம். அது கிடைத்தால் இன்னொரு வருடம் ஓட்டலாம். கிடைக்காவிட்டால் காரை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. விற்பனை விளம்பரத்தைப் போனில் தயாராக எழுதியே வைத்திருந்தார், அனுப்பத்தான் மனம் வரவில்லை. அக்டோபர் மாதக் கடைசிப் பந்தயம். அவரும் ஹேசல் விண்டர்ட்டனும் புள்ளிகளில் சமம். இருவரில் யார் முன்னால் வருகிறாரோ அவர்தான் சாம்பியன்.

ஹேசல் லிங்கன்ஷயரில் வான்கோழிப் பண்ணை வைத்திருப்பவள். ஆள் பெரியவள், குரல் அதைவிடப் பெரியது. அன்று காலை, பந்தயம் நடக்கும் பழைய விமானத் தளத்தில் காற்று கூடாரங்களைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, அவள் குரல் காற்றைத் தாண்டி வந்தது.

"யோவ் மெர்வின்! ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துபோச்சுய்யா! வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன். ஆனா நீ இன்னிக்கு என்னைத் தோக்கடிக்க வந்தவளாச்சே!"

"அதுக்குத்தான் கேக்கறேன். கேபிள் இல்லாம எப்படித் தோக்கடிக்கிறது?"

கொடுத்தார். கொடுக்காமல் இருக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. அந்தத் திடலில் யாருக்கும் வராது. பச்சை விளக்கு எரிந்த பிறகு அவளை மண்ணுக்குள் தள்ளலாம், அது விளையாட்டு. அதற்கு முன்னால் அவள் காரை ஓடவைப்பது கடமை. குனிந்து கேபிளை மாட்டியும் கொடுத்தார்.

"என்னய்யா, முதுகெலும்பு சட்டைக்கு மேல தெரியுது?" என்றாள் ஹேசல்.

"ஓட்டப்பந்தயக்காரன் உடம்பு."

"யாரு, நீயா? தபால்காரர் வந்தாக்கூட நடந்து போய்த்தான் கதவைத் திறப்ப."

சாப்பாட்டு வேனிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாள், "என்ன கண்ணு, வழக்கமான பேக்கன் ரொட்டிதானே?" என்றாள்.

வாசனை குடலைப் பிடித்து இழுத்தது. "வேணாங்க, இப்பத்தான் வீட்ல மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டேன்," என்றார் மெர்வின். ஐந்து பவுண்டு மிச்சம் என்று வயிற்றுக்குச் சொன்னார். வயிறு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பந்தயத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெர்வின் பிறகு பலமுறை சொல்லிப் பார்த்தும் அது நீளவில்லை. ஆரம்பத்தில் ஹேசல் முன்னால் போனாள். கடைசிச் சுற்றுக்கு முந்திய சுற்றில், கொண்டை ஊசி வளைவில், அவள் பிரேக் பிடித்த இடத்தில் இவர் பிடிக்கவில்லை. இன்னும் பிடிக்கவில்லை. பிறகு பிடித்தார். கார் காகிதம் போலத் திரும்பியது. அவ்வளவுதான், முன்னால் வெறும் பாதை. கோட்டைத் தாண்டியபோது ஹெல்மெட்டுக்குள் ஏதோ கத்தினார். என்ன கத்தினார் என்று கேட்க உள்ளே அவரைத் தவிர யாரும் இல்லை.

ஜெயித்த கார்களை நேராக எடைமேடைக்குக் கொண்டுபோக வேண்டும். ஓட்டுநர் இறங்கக் கூடாது. காரும் ஆளும் சேர்ந்து, விதியில் உள்ள எடைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒல்லியானவர்கள் இருக்கைக்கு அடியில் ஈயத் தகட்டை முடுக்கிச் சரிக்கட்டுவார்கள். மெர்வினுக்கு அந்தக் கவலை இருந்ததே இல்லை. அந்த எடைமேடையை வாடகைக்கு எடுப்பதும் செலவு என்பதால், வருடத்தின் முதல் பந்தயத்துக்கும் கடைசிப் பந்தயத்துக்கும்தான் கொண்டுவருவார்கள். ஏப்ரலில் போட்டபோது பத்து கிலோ அதிகமாகவே இருந்தது. அந்தப் பத்தும் தொப்பை என்று எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பரிசோதகர் பவல் வேல்ஸ்காரர், மெல்லப் பேசுபவர். எண்ணைப் பார்த்தார். மேடையை அணைத்துப் போட்டார். காற்று அடிக்கிறது என்று நாலு பேரைச் சுற்றி நிற்கவைத்து மறுபடி போட்டார். நல்ல செய்தி என்றால் அவர் "மெர்வின்" என்பார்.

"மிஸ்டர் கில்பி," என்றார் பவல். "ரெண்டு கிலோ குறையுது."

"எதுல?"

"உங்கள்ல."

மெர்வின் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவருக்கு அந்த வருடம் முழுவதும் புரிந்தது: கார் ஏன் காகிதமாகத் திரும்பியது, வளைவில் ஏன் எல்லோரையும் முந்த முடிந்தது. கனிந்தது அனுபவம் அல்ல. வருடக்கணக்காகப் பணம் கொட்டிக் காரிலிருந்து கிராம் கிராமாகச் செதுக்கியவர், தன்னிடமிருந்து எவ்வளவு போனது என்று ஒருமுறைகூட எடை போட்டுப் பார்க்கவில்லை.

"உங்க முடிவு ரத்து. விதி அது, என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் பவல்.

எடை போட்டு முடித்திருந்த ஹேசல் தன் காரிலிருந்து கஷ்டப்பட்டு வெளியே வந்து ஓடிவந்தாள். ரத்தானால் சாம்பியன் அவள்தான். ஆனாலும் சண்டைக்கு வந்தவள் போலத்தான் வந்தாள்.

"ரெண்டு கிலோவா? என்னய்யா அநியாயம் இது! எங்கிட்டதான் வேணுங்கிற அளவு இருக்கே, எடுத்துக்கோங்க! யோவ் மெர்வின், காலையில ரெண்டு ரொட்டி தின்னு வயிறு முட்டத் தண்ணி குடிச்சிருந்தா ஜெயிச்சிருப்பியேயா! எதுக்குய்யா வேணாம்ன?"

மெர்வின் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அது கழல நேரம் எடுத்தது.

பவல் காருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "மெர்வின், ஆறு மாசத்துல பன்னெண்டு கிலோ. சும்மா போகாதுப்பா. டாக்டர்கிட்ட காமிச்சியா?"

"டாக்டர் சமாச்சாரம் இல்ல."

"பின்ன?"

"டயர்," என்றார் மெர்வின்.

பவலுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. எழுந்து நின்று, பார்க்க வேண்டிய அடுத்த காரைப் பார்க்கப் போனார். ஹேசல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவள் வாயைத் திறந்து சத்தம் வராமல் மூடியதை அந்தத் திடல் அன்றுதான் பார்த்தது.

கடைசிப் பந்தயம் முடிந்தால் எல்லோருக்கும் நெடுஞ்சாலை நெரிசலுக்கு முன்னால் கிளம்பும் அவசரம். கூடாரங்கள் மடிந்தன. "அடுத்த வருஷம் பாப்போம் மெர்வின்!" என்று வேன் ஜன்னல்களிலிருந்து கை ஆட்டினார்கள். அவரும் "கண்டிப்பா!" என்று ஆட்டினார். இழப்பீடு கேட்பவர்களிடம் 'பரிசீலிக்கிறோம்' என்று சொல்லும் அதே குரல்.

காரை டிரெய்லரில் ஏற்றிப் பட்டையால் கட்டிக்கொண்டிருந்தபோது ஹேசல் வந்தாள். கையில் சாம்பியன் கோப்பை, அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் அழுக்கு வாளி போல இருந்தது.

"விக்கப்போறியா?"

"கேக்கிற விலைக்கு யாராவது ஏமாளி கிடைச்சா. என்னை மாதிரி ஒருத்தன் இருக்காமலா போயிடுவான்?"

"அதை வித்துடு. அடுத்த வருஷம் என் காரை ரெண்டு பேரும் ஓட்டலாம். சனி ஒண்ணு, ஞாயிறு ஒண்ணுன்னு ஒவ்வொரு தடவையும் ரெண்டு பந்தயம் இருக்கில்ல? ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. செலவு பாதிப் பாதி. விதியில இடமிருக்கான்னு பவல்கிட்ட கேட்டுட்டேன். இருக்காம்."

"உன் இருக்கையில நான் உக்காந்தா வெளியில யாருக்கும் தெரியாதே. ஆளில்லாத கார் ஓடுதுன்னு பேப்பர்ல போட்டுடுவான்."

"கிண்டல் பண்ணாதய்யா. மதியச் சாப்பாடும் கணக்குல சேத்திதான். அதுல மட்டும் பாதி கிடையாது, முழுசாத் திங்கணும்."

"இரக்கப்படறியா?"

"உன்மேலயா? கேபிள் குடுத்த முட்டாள்மேல எதுக்கு இரக்கம்?" அவள் கோப்பையை இன்னொரு கைக்கு மாற்றினாள். "எம்மேலதான். கிறிஸ்துமஸ் விருந்துக்கு வித்து முடிஞ்சா பண்ணையில பேச ஒரு வான்கோழிகூட மிஞ்சாது. மார்ச் வரைக்கும் நான் யார்கிட்ட கத்துவேன்?"

மெர்வின் பட்டையை இழுத்துப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன்," என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் லாரி வாயிலைத் தாண்டும்வரை அவர் கட்டிய பட்டையையே மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

வழியில் சாலையோர உணவகம் ஒன்றில் வேனை நிறுத்தினார். பல மாதங்களில் முதல் தடவை.

"ஒருத்தர்தானா?" என்று கேட்டாள் பரிமாறுகிற பெண்.

"ஒருத்தர்தான். ஜன்னல் ஓரமா கிடைக்குமா?"

ஜன்னல் வழியே டிரெய்லரும் அதன்மேல் காரும் தெரிந்தன. மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்று, உருளைக்கிழங்கு வறுவல், பட்டாணி எல்லாம் வந்தது. முதல் சில வாய்களை அவர் தின்றது, யாரும் பார்த்தால் வெட்கப்படும் விதத்தில் இருந்தது; நல்லவேளையாக யாரும் பார்க்கவில்லை. தட்டு காலியானதும் போனை எடுத்தார். விளம்பரத்தை ஒருமுறை படித்தார். 'அன்பாக வைத்திருந்தது' என்று எழுதியிருந்ததை அழித்து, 'நன்றாக ஓடும்' என்று போட்டார். அனுப்பினார். பிறகு ஹேசலுக்கு ஒரு வரி: 'சரி. ஆனால் என் இருக்கையை அதில் மாட்டுவோம், உன்னதைத் தூக்கிப் போட வேண்டாம், மாற்றி மாற்றிப் போடலாம்.' படித்துப் பார்த்தார். நீளமாகத் தெரிந்தது. 'சரி' என்பதை மட்டும் விட்டு மற்றதை அழித்துவிட்டு அனுப்பினார்.

வெளியே காற்று இன்னும் வலுத்திருந்தது. பெரிய லாரிகள் கடந்து போகும்போதெல்லாம் டிரெய்லர் மேல் கார் மெல்ல ஆடியது. பட்டைகள் சரியாகத்தான் இருந்தன. சாமான் அவ்வளவு லேசு. மெர்வின் அதன் மூக்கின் மேல் கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டார். ஆட்டம் நின்றது. குளிரத்தான் செய்தது, இருந்தாலும் இன்னும் இரண்டு லாரி போகட்டும் என்று அப்படியே நின்றார்.