மூன்று கிழமைப் பயணம்

சீனித்தம்பியின் மகன் எந்த வருடம் பிறந்தான் என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு நாள் போயிற்று. தாய் சொன்னது குளம் உடைப்பெடுத்த வருடம். தகப்பன் சொன்னது அதற்கு அடுத்த வருடம். பள்ளிக்கூடப் பெயர் இடாப்பில் இருந்ததோ இரண்டுக்கும் பொருந்தாத வேறொன்று. கடைசியில் இடாப்பையே நம்பி எழுதினேன். இப்படிப் பன்னிரண்டு பேருக்கு. இந்தப் பாஸ்போட் படிவம் என்ற சனியனை யார் கண்டுபிடித்தானோ தெரியாது. அவன் கல்முனையில் பிறந்தவன் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஐம்பத்து நாலாம் ஆண்டு மாசி மாதம் அது. எங்கள் பள்ளிக்கூடத்து மாணவர் சேவைச் சங்கத்துக்கு நான்தான் பொறுப்பாசிரியன். அதுவரைக்கும் சங்கம் செய்த பெரிய வேலை என்றால், ஆஸ்பத்திரி வளவில் புல்லுச் செருக்கியதும் சவளக்கடைப் பாதையில் இரண்டு பள்ளம் நிரப்பியதும்தான். அப்படியிருக்க ஹெட்மாஸ்டர் கதிர்காமனுக்கு இந்தியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இராமநாதபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். குடிதண்ணீர்க் குளம் தூர்ந்துபோய்க் கிடக்கிறது. ஓகஸ்ட் மாதத்தில் பல ஊர் மாணவர்கள் கூடித் தோண்டப் போகிறார்கள். நீங்களும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், வந்து தோள்கொடுக்கலாமே என்று எழுதியிருந்தார்கள். ஹெட்மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. "மசூர், பெடியனுகளுக்கு இது புத்தகத்தில கிடைக்காத படிப்பு. நீங்கதான் கொண்டு போகவேணும்" என்றார். "ஓம் சேர்" என்றேன். அந்த ஒரு சொல்லோடு என்னுடைய ஆறு மாதம் போயிற்று.

பின்னேரங்களில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். கடல் கடந்து போவதென்றால் சும்மாவா? ஒரு வீட்டில் சாதகம் பார்க்க வேண்டுமென்றார்கள். இன்னொரு வீட்டில் மச்சானையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனால் சம்மதம் என்றார்கள். மாணவன் ஒருவனின் தாய் சல்மா உம்மா என்னை வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டா: "ஏன் மாஸ்டர், இஞ்ச தூர்ந்த வாய்க்கா இல்லயா? எங்கட வயலுக்குத் தண்ணி வந்து ரெண்டு போகமாச்சி. அதத் தோண்ட ஒரு பொடியனும் வரயில்ல. இந்தியாவுக்கு மம்பட்டியத் தூக்கிட்டுப் போகப் போறீங்களாம்." படிவத்தை மடித்துக்கொண்டு திரும்பினேன். மூன்றாம் தரம் போனபோது என்னைப் பார்க்கப் பாவமாக இருந்ததாலோ என்னவோ, சம்மதக் கடிதத்தில் ஒப்பம் வைத்துத் தந்தா.

ஒரு தடையும் சொல்லாமல் முதல் நாளே ஒப்பம் வைத்தவர் நூஹு காக்காதான். கல்முனைச் சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர், ஊருக்கே அண்ணன் முறை. இராமநாதபுரத்துக்கு அருகே கீழக்கரையில் பிறந்து, எட்டு வயதில் மாமா ஒருவரோடு தோணியில் வந்து இறங்கி, இங்கேயே வளர்ந்து, சாய்ந்தமருதில் றாஹிலாவைக் கலியாணம் முடித்து, இப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பேச்சிலும் பழக்கத்திலும் எங்களில் ஒருவர். அவர் வேறு ஊர்க்காரர் என்பது அவராகச் சொன்னால்தான் தெரியும். அதை அவர் சொல்லாமலும் விடமாட்டார். மகன் மஜீட் எங்கள் சங்கத்தின் செயலாளர், நல்ல கெட்டிக்காரன். பயணக் கதை வந்த நாளிலிருந்து, காற்றடிக்க வருகிற ஆளையெல்லாம் பிடித்துவைத்து, "என்ட மகன் என்ட ஊர்ப் பக்கத்து மண்ண வெட்டப் போறான், தெரியுமா?" என்று கதைத்துக் கொண்டிருந்தார். அங்கிருக்கிற தன் கூடப்பிறந்த நானாவின் விலாசத்தை ஒரு சீட்டில் எழுதி என் சட்டைப் பையில் தானே வைத்துவிட்டார்.

படிவங்களை நானே நிரப்பினேன். பிள்ளைகள் எழுதினால் வெட்டும் குத்துமாகத் திரும்பி வரும் என்று பயம். தகப்பன் பிறந்த இடம் என்று ஒரு கேள்வி இருந்தது. பதினொரு பேருக்கும் கல்முனை என்றே எழுதினேன். ஒருவரையும் கேட்கவில்லை. அதில் ஒருவர் ஒலுவிலில் பிறந்திருக்கக்கூடும், இன்னொருவர் பொத்துவில் பக்கத்தில் மீன்பிடி வாடியொன்றில் பிறந்தவர் என்று பின்னால் தெரிந்தது. ஊர் அதிகாரி விதானையாரும் பார்க்காமலே எல்லாவற்றிலும் ஒப்பம் வைத்தார். பன்னிரண்டாவது மஜீட்டின் படிவம். எழுதி எழுதிக் கை அலுத்து, கண் எரிந்து, மனமும் கசந்துபோயிருந்த நேரம். ஒன்றையாவது சரியாக எழுதுவோமே என்று நினைத்தேன். கீழக்கரை என்று எழுதினேன். அதோடு விட்டேனா? அங்கே இவனுக்குப் பெரியப்பா இருக்கிறார், தங்க வசதியுண்டு என்று பாஸ்போட் கந்தோர்க்காரர்கள் நல்லபடியாக நினைக்கட்டும் என்று, பையிலிருந்த சீட்டை எடுத்து அந்த விலாசத்தையும் அழகாகச் சேர்த்துவிட்டேன். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. என்னை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

பதினொரு பாஸ்போட்டும் சித்திரை கழிந்து வந்து சேர்ந்தன. மஜீட்டுக்குப் பாஸ்போட் வரவில்லை, கடிதம் வந்தது. ஹெட்மாஸ்டர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு எனக்கு விளக்கினார். தகப்பன் இலங்கையில் பிறக்காதபடியால் மகன் இலங்கைப் பிரசையில்லை. தாய் இந்த ஊர்க்காரி என்பது கணக்கில் இல்லை. இருபத்தொரு வயதானால் அவன் தனியாக மனுப் போட்டுப் பார்க்கலாம். அது முதலாவது பந்தி. இரண்டாவது பந்தி தகப்பனைப் பற்றியது. இந்த நாட்டில் இருப்பதற்கு அவரிடம் என்ன அத்தாட்சி உண்டு, எடுத்துக்கொண்டு கொழும்புக்கு விசாரணைக்கு வரவும் என்றிருந்தது. தோணியில் வந்த எட்டு வயதுப் பிள்ளையிடம் என்ன அத்தாட்சி இருக்கும்? முப்பத்தைந்து வருடமாக ஒரு மனிதனும் கேட்காத கேள்வி. அவர் இருக்கிறார் என்பதை அந்தக் கந்தோருக்கு அறிவித்தவன் நான்.

அடுத்த நாள் மஜீட் கன்னம் வீங்கித்தான் வகுப்புக்கு வந்தான். படிவத்தில் வாப்பாவின் ஊரை அவன்தான் எழுதினான் என்று நினைத்து நூஹு காக்கா அடித்திருக்கிறார். "மாஸ்டர்தான் எழுதினார் எண்டு சொல்லியிருக்கலாமே மகன்" என்றேன். அவன் தன் இடத்தில் போய் இருந்து புத்தகத்தை விரித்தான். அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் போகவில்லை. கடைப் பக்கம் போகாமல் கடற்கரைப் பாதையால் சுற்றிச் சுற்றி வீட்டுக்குப் போனேன். என் சைக்கிளில் காற்றுக் குறைந்தபோது அதை உருட்டிக்கொண்டு போனேனே தவிர, அந்தச் சந்தியில் நிறுத்தவில்லை. பயம்தான். வேறென்ன?

நூஹு காக்கா மூன்று தரம் கொழும்புக்கு அலைந்தார். ஹெட்மாஸ்டரும் தெரிந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் எழுதினார். ஒன்றும் ஆகவில்லை. ஓகஸ்ட் முடியுமுன் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று கட்டளை வந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நூஹு காக்கா நேராக என் வீட்டுக்கு வந்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டேன். இருக்கவில்லை.

"விசாரணையில படிவத்தக் காட்டினாங்க மாஸ்டர். ஒங்கட எழுத்து எனக்குத் தெரியாதா? கடைப் பலகையில எழுதித் தந்ததும் நீங்கதானே."

"காக்கா, உதவியா இரிக்குமெண்டு..."

"பதினொரு பேருக்கும் கேக்காமக் கொள்ளாமக் கல்முனை எண்டு எழுத ஏலுமெண்டா, என்ட மகனுக்கு மட்டும் என்னத்துக்கு ஒங்களுக்கு உண்ம வந்திச்சி? பொடியனுக்குக் கைய நீட்டிட்டனே மாஸ்டர். நான் அவனுக்கு ஒரு நாளும் அடிச்சதில்ல."

நான் அழுதேன். நாற்பத்தெட்டு வயது ஆள், பிள்ளைகளுக்கு முன்னால் பிரம்பெடுத்து நிற்கிறவன், குழந்தை மாதிரி அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

ஹெட்மாஸ்டரிடம் போய்ப் பயணத்தை நிறுத்துவோம் என்றேன். பதினொரு பிள்ளைகளையும் ஏமாற்றுவதா என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயந்தான். திரும்பவும் பட்டியல், திரும்பவும் கடிதம், கப்பலுக்கு எழுது, றெயிலுக்கு எழுது, அம்மை ஊசி, மம்பட்டி. ஒரு கூட்டத்தில் சமையலுக்கு யார் என்று பிள்ளைகள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அப்படியே மேசையில் தலையை வைத்துப் படுத்துவிடலாம் போலிருந்தது. மஜீட் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தான். செயலாளர் என்றபடியால் கூட்டக் குறிப்பு எழுதினான். போகாத பயணத்துக்கு இப்படியொரு பிள்ளை குறிப்பெழுதியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இரண்டாம் நாள் நூஹு காக்கா திரும்பவும் வந்தார். இந்த முறை கதிரையில் இருந்தார். றாஹிலா கொடுத்தனுப்பிய பலகாரம் கையில் இருந்தது. அதை மேசையில் வைத்தார்.

"மாஸ்டர், கப்பல்லயும் றெயில்லயும் பன்னிரண்டு பொடியனுகளுக்கு எடம் சொல்லியிருந்தீங்களே. மஜீட்ட எடம் இன்னும் சும்மாதானே கெடக்கு?"

"ஓம் காக்கா."

"அதுல என்னயப் போடுங்க."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். "தனியப் போனாத் தொரத்தின மாதிரி இரிக்கும். ஒங்களோட வந்தா, பொடியனுகளோட வேலைக்கிப் போற மாதிரி இரிக்கும். ஊருக்கு நான் ஒண்டும் சொல்லயில்ல. இஞ்ச நான் களவா வந்த கள்ளத் தோணி எண்டு ஒருத்தனும் சொல்லக் கூடாது, மகனுக்குக் கேக்க. போறதுக்குக் கந்தோர்ல கடுதாசி தந்திரிக்காங்க, அந்தப் பக்கம் இறங்கினா மறுகா நான் பாத்துக்கொள்ளுவன். அங்க இரிந்து விசாவுக்கு எழுதிப் பாப்பம். அல்லாட நாட்டம்."

நான் பட்டியலை எடுத்தேன். மஜீட்டின் பெயர் இருந்த இடத்தில் வாப்பாவின் பெயரை எழுதினேன். இந்த முறை எழுதுமுன் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

பிரியாவிடைக் கூட்டத்தில் ஹெட்மாஸ்டர், எல்லாம் தெரிந்த ஹெட்மாஸ்டர், எழுந்து நின்று சொன்னார்: நமது நூஹு தன்னுடைய கடையையும் பூட்டிவிட்டு, மகனுக்குப் பதிலாகத் தானே மம்பட்டி பிடிக்க வருகிறார், இதுவல்லவோ சேவை. சனம் கைதட்டியது. சல்மா உம்மாவும் தட்டினா. நூஹு காக்கா எழுந்து சலாம் சொல்லிவிட்டு இருந்தார். எனக்கு அந்தக் கைதட்டலைக் கேட்க முடியவில்லை, வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன்.

புறப்படும் நாள் விடிய, மட்டக்களப்புக்கு எங்களைக் கொண்டுபோகும் பஸ் சந்தியில் வந்து நின்றது. மாலை என்ன, மூட்டை என்ன, தாய்மாரின் அழுகை என்ன, ஒரே அமளி. றாஹிலா வரவில்லை. மஜீட் வந்து, வாப்பாவின் தகரப் பெட்டியைப் பஸ்ஸின் மேல் ஏற்றிக் கட்டினான். மூன்று கிழமைக்கு இவ்வளவு பாரமா என்று ஒரு பொடியன் பகிடி பண்ணினான். நூஹு காக்கா, "கெழவனுக்கு உடுப்புக் கூட வேணும்பா" என்றார். பஸ் இரையத் தொடங்கிய நேரத்தில் மீன் கொண்டு விற்கிற அப்துல் ஸமட் ஓடிவந்தான், கையில் சைக்கிளின் முன் சில்லு.

"காக்கா, சில்லு ஆடுது. நீங்க வந்து பாத்துத் தந்தாப் போதும். வேற ஆரிட்டயும் குடுக்க மனமில்ல."

நூஹு காக்கா சில்லை வாங்கினார். அச்சில் பிடித்துக்கொண்டு ஒருதரம் சுற்றிவிட்டார். ஒற்றைக் கண்ணை மூடி, அது ஓடுவதைப் பார்த்தார். விரலால் கம்பிகளைத் தட்டித் தட்டி இரண்டை அடையாளம் பிடித்தார்.

"ரெண்டு கம்பி எளகியிருக்கி. வேற பழுதில்ல. வந்து பாத்துத் தாறன், மூணு கிழமதானே."

"அவசரமில்ல காக்கா" என்றான் அவன்.

மஜீட் முன்னால் வந்து சில்லை வாப்பாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அவர் அவனுடைய கன்னத்தை ஒரு முறை தொட்டுவிட்டு ஏறினார். நான் பட்டியலைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டேன். பன்னிரண்டாவது பெயருக்கு, "இரிக்கன் மாஸ்டர்" என்று பின் ஆசனத்திலிருந்து குரல் வந்தது. பஸ் திரும்பியபோது எல்லாரும் கையசைத்தார்கள். மஜீட்டின் இரண்டு கையிலும் அந்தச் சில்லு இருந்தது. அவன் அதைக் கீழே வைக்கவில்லை.