சின்னவள் வீட்டுப் புல்

அந்தத் தெருவில் பெரியவளின் புல்தரையைத் தெரியாதவர்கள் கிடையாது. வீடு சின்னது. சுவரில் பெயிண்ட் உதிர்ந்து கிடக்கும், கேட்டைத் திறந்தால் யாரோ அழுவதுபோல் சத்தம் போடும். ஆனால் கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் இருந்த அந்தப் பச்சை, போகிறவர்களைக் கொஞ்சம் நிற்க வைத்துவிடும். தபால்காரர்கூடச் சுற்றிக்கொண்டுதான் வருவார்; குறுக்கே மிதிக்க அவருக்கு மனசு வராது. திரைச்சீலை தைக்கும் கடையில் நாளெல்லாம் குனிந்து மெஷின் ஓட்டுகிறவள் பெரியவள். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்முன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புல்லில் சற்று நிற்பாள். அவளுடையது என்று நாலு பேர் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

தங்கை விஷயம் வேறு. சின்னவளுக்கு எல்லாம் தானாக அமையும். ஒரே துணியில் இரண்டு பேருக்கும் கவுன் தைத்துப் போட்டாலும், வந்தவர்கள் சின்னவளைத்தான் தூக்கிக் கொஞ்சுவார்கள். பெரியவள் கேட்டுக் கேட்டு வாங்கியதெல்லாம் சின்னவளுக்குக் கேட்காமலே கிடைத்தது. படிப்பு, இன்சூரன்ஸ் கம்பெனியில் நல்ல வேலை, நல்ல இடத்தில் கல்யாணம், இப்போது மூன்று தெரு தள்ளி மூலைமனையில் ஒரு பெரிய வீடு.

வீடு பார்க்கப் போன அன்று பெரியவள் ஒவ்வோர் அறையாக நுழைந்து, "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஜன்னல்களில் எல்லாம் கயிற்றை இழுத்தால் மேலே ஏறுகிற பிளைண்டு மாட்டியிருந்தார்கள். ஒரு ஜன்னலுக்காவது திரை வேண்டும் என்று தங்கை கேட்கவில்லை. அது பெரியவளின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

பின்பக்கம் போனதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. பெரிய தரைதான், ஆனால் சொட்டைத் தலையில் அங்கங்கே முடி நிற்பதுபோல் புல் நின்றது. மருந்துக்கு ஒரு மரம் கிடையாது. காலையில் வந்து உட்கார்கிற வெயில் சாயங்காலம்தான் எழுந்து போகும்.

"அக்கா, இதை நீதான் சரி பண்ணிக் கொடுக்கணும்" என்றாள் சின்னவள். "எனக்குப் புல்லுக்கும் கீரைக்குமே வித்தியாசம் தெரியாது. எந்த விதை, எப்போ போடறது, எல்லாம் நீ சொல்லு."

"எல்லாத்தையும் பேத்துப் போட வேண்டாம். இருக்கிற புல்லு மேலயே விதை தூவிடலாம்" என்றாள் பெரியவள். "விதைதான் முக்கியம். அது தப்பாப் போச்சுன்னா ஊத்தின தண்ணியெல்லாம் வீண்."

அன்று சாப்பிடும்போது கணவனிடம் இதைச் சொன்னாள். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். வாயில் வருவதை அப்படியே கொட்டிவிடுவார். "அந்த இடம் மட்டும் பச்சையாயிடுச்சுன்னா, அதுக்கு முன்னாடி நம்மளது கைக்குட்டை மாதிரி இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றிய கதையாயிற்று. பெரியவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கோடை வெயில் தணிந்ததும் அக்காவும் தங்கையும் விதைக் கடைக்குப் போனார்கள். மூட்டைகள் வாய் திறந்து வரிசையாக நின்றன. பெரியவள் ஒரு மூட்டையில் கைவிட்டு, மெல்லிய விதையை அள்ளித் தங்கையின் உள்ளங்கையில் போட்டாள்.

"இதுதான். முளைச்சா பட்டு மாதிரி இருக்கும்."

கடைக்காரர் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். "எந்த இடத்துக்கு வேணும்மா?"

"வீட்டுப் பின்பக்கம். நாள் முழுக்க வெயில்தான்" என்றாள் சின்னவள்.

"அப்போ இது வேண்டாம்மா. இது மரத்தடியில வளர்ற ரகம். வெயில் ஏறினா கருகிடும். பக்கத்து மூட்டையைப் பாருங்க. இலை கொஞ்சம் அகலமா வரும், அவ்வளவு அழகு இருக்காது. ஆனா வேர் ஆழமா இறங்கும், வெயிலைத் தாங்கும்."

சின்னவள் சிரித்தாள். "எங்க அக்கா வீட்டுப் புல்லைப் பார்த்திருந்தா நீங்க இப்படிச் சொல்ல மாட்டீங்க. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். இதையே போடுங்க."

கடைக்காரர் பெரியவளைப் பார்த்தார். வருஷா வருஷம் அவள் வாங்கிப் போவது அந்த அகல இலை ரகம் என்பது அவருக்குத் தெரியும். "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை தொண்டை வரை வரத்தான் செய்தது. ஆனால் அதே நேரத்தில் மூலைமனையும் பிளைண்டுகளும் கணவனின் சிரிப்பும் கண்முன் வந்து நின்றன.

"தண்ணி ஒழுங்கா விட்டா வந்துடும்" என்றாள்.

அவர் மெல்லிய விதையை அள்ளினார்.

மற்ற வேலையில் பெரியவள் ஒரு குறையும் வைக்கவில்லை. இருந்த புல்லை ஒட்ட வெட்டினாள். விதை மண்ணில் படுவதற்காகத் தரையை இரும்புப் பல் வைத்த ரேக்கால் கீறிவிட்டாள். குறுக்கும் நெடுக்குமாக நடந்து சீராகத் தூவினாள், மேலே மக்கிய எரு மெல்லியதாகப் போர்த்தினாள். ஈரம் காயாமல் பூவாளியால் தெளிக்கத் தங்கைக்குக் கற்றுக்கொடுத்தாள். விதை முளைத்தது. குளிர்ந்த மாதங்களில் அந்தத் தரை உண்மையிலேயே பட்டாகத்தான் கிடந்தது. வந்தவர்கள் எல்லாம் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பெரியவளின் கணவர் அதன் நடுவில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். கருகப்போகிற புல் என்று தெரிந்தும் அதைப் பார்த்து அவள் வயிறு எரிந்தது. எப்போதடா வெயில் ஏறும் என்று காத்திருந்தாள்.

வெயில் ஏறியது. தினம் போன் வந்தது. "அக்கா, ஓரமெல்லாம் மஞ்சளா ஆகுது." "அக்கா, நடுவுலயும் காயுது." பெரியவள் ஒவ்வொரு முறையும், "இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டுப் பாரு" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போனாள். தரை வைக்கோல் விரித்ததுபோல் கிடந்தது. சின்னவள் உச்சி வெயிலில் முட்டி போட்டு உட்கார்ந்து, காய்ந்ததைக் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கழுத்து சிவந்து தோல் உரிந்திருந்தது. பக்கத்தில் ஹோஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான் எங்கேயோ கோட்டை விட்டுட்டேன்" என்றாள் தலை நிமிராமல். "ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன், எங்க அக்கா வளர்த்துக் கொடுத்த புல்லு, வந்து பாருங்கன்னு. நீ அவ்வளவு சொல்லிக் கொடுத்தும் காப்பாத்தத் தெரியல."

இதற்காகத்தான் பெரியவள் காத்திருந்தாள். கைக்கு வந்ததும் அது இனிக்கவில்லை.

"நீ ஒண்ணும் கோட்டை விடல. விதை தப்பு."

"கடைக்காரர் அன்னிக்கே சொன்னார். நான்தான் கேக்கல. பரவால்ல விடு, உனக்கும் எல்லாமே தெரியணும்னு இல்லையே."

தப்பித்துக்கொள்ளத் தங்கையே வழி திறந்துவிட்டாள். நழுவிப் போயிருக்கலாம். பெரியவள் நழுவவில்லை.

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"என்ன தெரிஞ்சு?"

"கருகும்னு தெரிஞ்சு."

சின்னவள் முதலில் ஏதோ விளையாட்டு என்று நினைத்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "ஏன்?"

"வயித்தெரிச்சல். வேற என்ன சொல்ல."

சின்னவள் குழாயை மூடினாள், ஹோஸைச் சுருட்டி வைத்தாள், உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். பெரியவள் அந்த வெயிலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதன்பின் போன் வரவில்லை. இவளும் செய்யவில்லை, எந்த முகத்தோடு செய்வது? "ரெண்டு பேருக்கும் என்ன?" என்று கணவர் கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றாள். கடையில் தைத்த திரைகள் இரண்டு முறை கோணலாகிப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

வெயில் மெல்ல இறங்கியது. ஒரு நாள் கடை மூடும் நேரத்தில் மெஷின் மேல் நிழல் விழுந்தது. பெரியவள் நிமிர்ந்தாள். சின்னவள் ஆபீஸ் பையோடு நின்றிருந்தாள்.

"எந்த விதை? இந்தத் தடவை உண்மையைச் சொல்லு."

"அகல இலை. அன்னிக்கு அவர் காட்டின மூட்டை."

"நீயும் வா. நான் அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப்பேன்."

"கேளு."

"மனசு ஆறிடுச்சுன்னு நினைக்காதே. ஆறல. விதை போடற காலம் போயிடும்னுதான் வந்தேன்."

"சரி" என்றாள் பெரியவள். மெஷினுக்கு உறை போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

சின்னவள் கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, கடைக்காரர் சரியான மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டார். இருவரும் சேர்ந்துதான் தூவினார்கள். முதல் நாள் நாலு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர் தெளிக்கிற நாட்களில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் புல்லைப் பற்றி, பிறகு ஆபீஸ், பிறகு அவரவர் கணவன்மாரைப் பற்றிய புகார்கள்.

அடுத்த கோடையில் சின்னவளின் தரை வெயிலுக்கு அசையவே இல்லை. அடர்த்தியாக, கரும்பச்சையாக நின்றது. உண்மையைச் சொன்னால் பெரியவளுடையதைவிட நன்றாகவே இருந்தது. தபால்காரர் இப்போது அந்த வீட்டைப் பற்றித்தான் பேசுகிறார் என்று கணவர் வந்து சொன்னார். சனிக்கிழமை பெரியவள் அங்கே போனபோது தங்கை புல்வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் சின்னவள்.

"பார்க்கப் பார்க்க வயிறு எரியுது."

சின்னவள் நின்று அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெஷினின் கைப்பிடியை அவள் பக்கம் திருப்பினாள். "எரியட்டும். அந்தப் பாதியை நீ வெட்டு. எனக்கு முதுகு வலிக்குது."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு மெஷினை வாங்கிக்கொண்டாள்.